சகலை செய்த வெப்சைட்

என் வீட்டுக்காரருக்கு என்ன வேலை என்று கேட்டால் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். என் சித்தப்பாவைப் பொறுத்தவரை அவர் கம்ப்யூட்டர் ரிப்பேர்க்காரர். மாமியாரைக் கேட்டால், "ஏதோ டைப் அடிக்கிறான்" என்பார். கீழ்வீட்டுக்காரர் இன்னும் மோசம். டிவி ரிமோட் மக்கர் செய்தால்கூட மாடியேறி வந்துவிடுவார். உண்மையில் அவர் வெப்சைட் செய்து கொடுப்பவர். எந்தக் கம்பெனியிலும் இல்லை. படுக்கையறை மூலையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேசை, அதன் கீழே கால் வைக்க இடமில்லாமல் பின்னிக்கிடக்கும் ஒயர்கள், இவ்வளவுதான் அலுவலகம். அவரே முதலாளி, அவரே தொழிலாளி. நான் கூடமாட உதவிக்கு. வாடிக்கையாளர் தப்பும் தவறுமாக எழுதி அனுப்புவதைத் திருத்தி ஏற்றுவேன், படங்களை வெட்டி அளவாக்குவேன், "சார் வெளியே போயிருக்கார்" என்று போனில் பொய் சொல்வேன்.

பொய் சொல்லாமல் இந்தத் தொழிலில் பிழைக்க முடியாது. காலையில் போன் வரும்போதே "ஒரு சின்ன மாற்றம்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். சின்ன மாற்றம் என்றால் அன்றைய பொழுது போயிற்று என்று அர்த்தம். லோகோவைப் பெரிதாக்கச் சொல்வார்கள். பெரிதாக்கினால் பக்கத்திலிருக்கும் எழுத்து கீழே போய் விழும். அதைத் தூக்கி நிறுத்தினால் போனில் பார்க்கும்போது மெனு காணாமல் போய்விடும். எல்லாவற்றையும் சரிக்கட்டி அனுப்பினால், "ஒண்ணுமே மாறலையே சார்" என்று பதில் வரும். அவர்கள் போன் நேற்றைய பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பக் காட்டிக்கொண்டிருக்கும். ரெஃப்ரெஷ் பண்ணுங்க என்றால், பண்ணியாச்சு என்பார்கள். பண்ணியிருக்க மாட்டார்கள்.

இந்தத் தலைவலியாலேயே என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. எந்த சைட்டைத் திறந்தாலும் இன்காக்னிட்டோவில்தான் திறப்பார். பழையதையெல்லாம் மறந்துவிட்டு, முதல் தடவை வரும் ஆளைப்போலப் பக்கத்தைத் திறக்கும் வழி அது. புதிதாக வருகிறவன் கண்ணுக்கு என்ன தெரிகிறதோ அதுதான் நிஜம் என்பார். தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் செய்த பக்கம் கண் மூடித் திறப்பதற்குள் வந்து நிற்கும். நயமாகப் பேசும் வாய் மட்டும்தான் கிடையாது. வாடிக்கையாளர் ஒன்று கேட்டால், சரி என்று சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் கூடாது என்று பாடம் எடுப்பார். பாடம் கேட்கவா காசு கொடுக்கிறார்கள்?

சகலைக்கு அந்தக் கஷ்டமே இல்லை. சகலை என்றால் என் தங்கையின் கணவர். கல்யாணமான புதிதில் சோபா விற்கும் கடையில் இருந்தார். வந்தவர் யாராக இருந்தாலும் உட்கார வைத்துப் பார்க்காமல் விடமாட்டார். உட்கார்ந்தவர் வாங்காமல் எழுந்திருக்கமாட்டார். ஒருநாள் கடையை விட்டுவிட்டு, நானும் வெப்சைட் செய்யப்போகிறேன் என்று வந்து நின்றார். கம்ப்யூட்டர் கோடிங் என்று ஒரு வரி எழுதத் தெரியாது. ஆயத்தமாகக் கிடைக்கும் பெட்டிகளை இழுத்து வைத்து, வண்ணம் மாற்றி, படம் சொருகி, சாயங்காலத்துக்குள் ஒரு சைட்டை நிறுத்திவிடுவார். என் வீட்டுக்காரர் இதற்கு வெப்சைட் என்று பெயர் சொல்லமாட்டார். ஸ்டிக்கர் ஒட்டுவது என்பார். "சகலை இன்னைக்கு எத்தனை ஸ்டிக்கர் ஒட்டினாராம்?" என்று என்னிடம் கேட்பார்.

நானும் சிரிப்பேன். ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி. ஸ்டிக்கர் ஒட்டியவர் லிஃப்ட் வைத்த குடியிருப்புக்குப் போய்விட்டார். கண்விழித்துக் கோடிங் எழுதியவர் இன்னும் கீழ்வீட்டு ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருக்கிறார். தங்கை போன் செய்தால், "அவர் நாலு மணிக்கே முடிச்சுட்டார்க்கா, வெளிய கிளம்பிட்டோம்" என்பாள். அவள் அதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். குத்திக்காட்டியிருந்தால்கூடத் திட்டியாவது ஆறியிருப்பேன். என் வீட்டுக்காரர் சாப்பிடும்போதுகூடத் திரையைப் பார்த்துக்கொண்டுதான் சாப்பிடுவார். தட்டில் என்ன இருந்தது என்று பிறகு கேட்டால் தெரியாது. வயிற்றெரிச்சலை மூடி மறைப்பானேன்? எனக்கு என் தங்கையைப் பார்த்துப் பொறாமை. அவருக்கு அவள் புருஷனைப் பார்த்துப் பொறாமை. எங்கள் வீட்டில் கணவனும் மனைவியும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

அதுவரை பொறாமை வீட்டுக்குள்தான் இருந்தது. டாக்டரம்மாவால்தான் அது தொழிலுக்குள் நுழைந்தது.

டாக்டரம்மா பல் மருத்துவர். எங்களுடைய மிகப் பழைய வாடிக்கையாளர். அவருடைய கிளினிக்குக்கு சைட் செய்தவர், நோயாளிகள் வீட்டிலிருந்தே நேரம் குறித்துக்கொள்ள வழிசெய்தவர், வருஷா வருஷம் அதைப் பராமரிப்பவர், எல்லாம் என் வீட்டுக்காரர்தான். மற்றவர்கள் வருவார்கள் போவார்கள். இந்த ஒரு இடம்தான் எங்களுக்கு நிலையானது. சகலைக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தபோது, "நம்ம டாக்டர்தான், என் பேரைச் சொல்லு" என்று அனுப்பி வைத்ததும் இவர்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதை. சகலை போனார். பல்லைப் பிடுங்க வாயைத் திறந்து வைத்திருந்த நிலையிலேயே, டாக்டரம்மா புதிதாகத் திறக்கப்போகும் கிளைக்கு சைட் செய்யும் வேலையைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். வாயைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படிப் பேசினார் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் வீட்டுக்காரர் டாக்டரம்மாவிடம் நேரில் போய்க் கேட்டார். அந்தம்மா கோபப்படவில்லை. இரண்டு பேரும் ஒரே குடும்பம், நடுவில் எனக்கு ஏன் பொல்லாப்பு என்றார். பழைய கிளினிக் சைட் உங்களிடமே இருக்கட்டும், புதுக் கிளையினுடையது தம்பியிடம் இருக்கட்டும், கொஞ்ச காலம் பார்ப்போம், யார் சைட்டுக்கு ஆட்கள் அதிகம் வருகிறார்களோ அவரிடம் எல்லாக் கிளைகளையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன் என்று முடித்துவிட்டார். அதாவது, தோற்றால் இருப்பதும் போகும். வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் குரலில் பயமே இல்லை. ஸ்டிக்கரிடம் தோற்க நான் என்ன பைத்தியமா என்றார்.

சொல்லிவிட்டு அன்றே சகலையின் சைட்டைத் திறந்து பார்த்தார். இன்காக்னிட்டோவில். ஒரு தடவை பார்த்தவர் மறுபடி பார்த்தார். பிறகு என் போனை வாங்கிப் பார்த்தார். பல் படம் மங்கலாக இருக்கிறது என்றார், அதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். மறுநாள் பல் துலக்குவதற்கு முன் பார்த்தார். மங்கல் சரியாகியிருக்கிறதா என்று பார்க்கிறாராம். சரியாகவில்லை. நல்லவேளை என்றார்.

அப்புறம் அது ஒரு வியாதி ஆகிவிட்டது. வேறு வேலை செய்துகொண்டிருப்பவர் சட்டென்று ஒரு ஜன்னலைத் திறப்பார். பார்த்தால் சகலையின் சைட். டேப்லெட்டில் தலைப்பு இரண்டாக உடைகிறது, சின்ன போனில் பொத்தான் விரலுக்குச் சிக்கவில்லை, பக்கம் ஏறுவதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம் என்று குற்றப்பத்திரிகை நீண்டுகொண்டே போனது. தானே பார்த்துக்கொண்டிருந்தால் மற்ற வேலை கெடுகிறது என்று, பீரோ மேல் தூசி படிந்து கிடந்த பழைய லேப்டாப்பை இறக்கித் துடைத்து அதற்கு ஒரு வேலை கொடுத்தார். கால் மணிக்கு ஒருமுறை அது தானாகவே சகலையின் சைட்டை போன் அளவில், டேப்லெட் அளவில், கம்ப்யூட்டர் அளவில் திறக்கும்; ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுக்கும்; படத்தை இவருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடும். ஒவ்வொரு தடவையும் பழசை மறந்துவிட்டுப் புது ஆள்போலத் திறக்க வேண்டும் என்பதிலும் குறை வைக்கவில்லை. எப்போது உடைகிறது, எங்கே உடைகிறது என்பதற்கு ஆதாரம் வேண்டுமாம். டாக்டரம்மா முன்னால் வைத்து சகலையின் முகத்தைப் பார்க்க வேண்டுமாம்.

"என்னங்க, நம்ம சைட்டை எப்பவாவது பார்த்தீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதுல பார்க்க என்ன இருக்கு? அது நான் செஞ்சது" என்றார்.

எனக்கு அந்தப் பழைய லேப்டாப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். பக்கம் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அதன் விசிறி இரைந்து அடங்கும். உடனே இவர் தலை அந்தப் பக்கம் திரும்பும். நான் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றபோது கண்டுபிடிக்க அவருக்கு இரண்டு நாள் ஆயிற்று. சகலை தன் சைட்டில் நீலத்தை ஒரு இழை கருநீலமாக்கியதை, காபி ஆறுவதற்குள் கண்டுபிடித்துவிட்டார். ஒரு பல் மருத்துவமனையின் வெப்சைட் மேல் பொறாமைப்பட்ட மனைவி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முடிவு சொல்ல டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். உணவு இடைவேளை, நோயாளிகள் யாரும் இல்லை. நான், என் வீட்டுக்காரர், சகலை மூவரும் உள்ளறையில் உட்கார்ந்தோம். மேசைமேல் பிளாஸ்டிக் பல் வரிசை ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் மடியில் லேப்டாப் பை, அதற்குள் அத்தனை படங்களும். சகலை வெறுங்கையோடு வந்திருந்தார். என்னிடம் தலைவலி போயிற்றா என்று விசாரித்தார். எனக்குத் தலைவலி வந்தது தங்கை சொல்லித்தான் தெரிந்திருக்கும். ஆனாலும் அவர் கேட்டார், இவர் கேட்டதில்லை.

டாக்டரம்மா தன் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். இரண்டு சைட்டுக்கும் வந்தவர்களின் கணக்கு, இரண்டு கோடுகளாக. ஒன்று படியேறுவதுபோல் ஏறி உச்சியில் போய் நின்றது. மற்றது தரையோடு தரையாகப் படுத்திருந்தது. கடைசியில் சுத்தமாகவே அடங்கியிருந்தது. ஏறியிருந்தது சகலையினுடையது. புதுக் கிளைக்கு இவ்வளவு கூட்டமா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது, இன்னும் போர்டுகூட மாட்டவில்லையே என்று டாக்டரம்மா சொல்லிச் சிரித்தார். சகலையும் ஆச்சரியப்பட்டார். எனக்குக் காது சுட்டது. தங்கை இன்று சாயங்காலம் வெளியே போவாள், எங்கே சாப்பிட்டோம் என்று நாளைக்குச் சொல்வாள் என்றுதான் முதலில் தோன்றியது. வேலை போகப்போகிறதே என்பது அதற்குப் பிறகுதான் தோன்றியது.

என் வீட்டுக்காரர் எழுந்து திரையருகே போனார். வந்தவர்கள் எந்தக் கருவியில் பார்த்தார்கள் என்ற பக்கத்தைத் திறக்கச் சொன்னார். போன் ஒரு பங்கு, டேப்லெட் ஒரு பங்கு, கம்ப்யூட்டர் ஒரு பங்கு. கத்தரித்து வைத்ததுபோல மூன்றும் சமம். எந்த நேரத்தில் வந்தார்கள் என்று பார்க்கச் சொன்னார். கால் மணிக்கு ஒரு கூட்டம், ராணுவ ஒழுங்கில். அவர் முகம் எனக்கு அத்துப்படி. ஒரு கோளாறு பிடிபட்டால் முதலில் கண் பளிச்சென்று ஆகும். அது ஆயிற்று. அப்புறம் அந்தக் கண் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கும் விளங்கிவிட்டது. பீரோ மேலிருந்து இறங்கிய லேப்டாப் ஒவ்வொரு தடவையும் புது ஆளாகப் போயிருக்கிறது; சகலையின் சைட்டும் ஒவ்வொரு தடவையும் புது ஆள் வந்ததாக எண்ணியிருக்கிறது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்று சொல்வார்கள். இவர் சூனியத்தை இரவு பகல் பாராமல், மின்சாரக் கட்டணமும் கட்டி வைத்திருக்கிறார்.

சொல்லாமல் இருந்தால் வேலை போகும். சொன்னால், இத்தனை நாளும் சகலையின் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டு கிடந்தது அந்தச் சகலைக்கே தெரிந்துபோகும். எது பெரிய நஷ்டம் என்று அவர் தீர்மானிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. சொல்லித் தொலையுங்கள் என்று நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்காத குறை. பிளாஸ்டிக் பல் வரிசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"டாக்டர், அந்தக் கூட்டம் பூரா நான்தான்."

டாக்டரம்மாவுக்குப் புரியவைக்க வேண்டியிருந்தது. வழக்கம்போலப் பாடம் எடுத்தார். பாதியில், தான் செய்த பழைய கிளினிக் சைட்டில் மட்டும், தானே திறந்து பார்ப்பது எண்ணிக்கையில் சேராதபடி முறையாக அடைத்து வைத்திருப்பதையும் சேர்த்துச் சொன்னார். டாக்டரம்மா அவரையும் சகலையையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. சரி, அந்தக் கூட்டத்தைக் கழித்துவிடுவோம் என்றார். கழித்துப் பார்த்தால் சகலையின் கோட்டில் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்கு உடம்பில் உயிர் வந்தது. வெட்கம் ஒரு பக்கம் இருக்கட்டும், தங்கை சாயங்காலம் வீட்டிலேயே சமைத்துச் சாப்பிடட்டும் என்று மனசுக்குள் ஒரு குதி குதித்தேன்.

அப்படியானால் உங்கள் கோடு ஏன் இப்படிப் படுத்துவிட்டது, அதையும் பார்த்துவிடுவோம் என்று சொல்லி டாக்டரம்மா தன் போனில் பழைய கிளினிக்கின் சைட்டைத் திறந்தார். திறந்தவர் நெற்றியைச் சுருக்கினார். போனை இவரிடம் நீட்டினார்.

திரை முழுக்கச் சிவப்பு. இந்தத் தளம் பாதுகாப்பானது இல்லை, திரும்பிப் போய்விடுங்கள் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வெப்சைட்டுகளுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. காலாவதியானால் பிரவுசர் உள்ளே விடாது, வருகிறவனையும் பயமுறுத்தி அனுப்பிவிடும். அது தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படிதான் வைத்திருந்தார். இந்தத் தடவை எதிலோ தடுக்கி நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று எச்சரித்து அவருக்கு மின்னஞ்சலும் வந்திருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து தேடினார். சகலையின் சைட்டைப் படம் எடுத்து லேப்டாப் அனுப்பிக் குவித்த மின்னஞ்சல்களுக்கு அடியில், திறக்காமல் கிடந்தது அது. வரவேற்பில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டுக் கேட்டார் டாக்டரம்மா. ஏதோ சிவப்பாக வருகிறது என்று சில பேர் சொன்னார்களாம், அவர்கள் போன்தான் கெட்டுவிட்டது என்று நினைத்து அவள் போனிலேயே நேரம் குறித்துக் கொடுத்தாளாம்.

"இப்பவே சரி பண்ணிடுவேன் டாக்டர், அஞ்சு நிமிஷ வேலை" என்றார் இவர்.

"தெரியும் சார். உங்களால முடியும்னு எனக்குத் தெரியும்" என்றார் டாக்டரம்மா. "தம்பி சைட்டை இவ்வளவு கவனமாப் பார்த்தீங்களே, அதுல பாதி என் சைட்டைப் பார்த்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது."

அப்புறம் சகலையிடம் திரும்பி, இரண்டையும் தம்பியே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். குரலை உயர்த்தாமல், பல்லைப் பிடுங்கலாம் என்று சொல்லும் அதே தோரணையில் சொன்னார்.

கீழே வண்டி நிறுத்துமிடத்துக்கு மூன்று பேரும் சேர்ந்துதான் இறங்கினோம். சகலை ஏதாவது சொல்லிச் சீண்டுவார், பதிலுக்கு நான் நன்றாகக் கொடுக்கலாம் என்று நாக்கைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் சீண்டவில்லை. என் வீட்டுக்காரரின் பையை வாங்கித் தான் சுமந்துகொண்டு வந்தார். வண்டியருகே வந்ததும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"என் சைட் அவ்வளவு தப்பாவா இருந்துச்சு அண்ணா?"

அவ்வளவுதான், இவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. வேலை போன மனுஷன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பையைத் திறந்து, வெயிலில் லேப்டாப்பைப் பிரித்து, ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்துப் படங்களைக் காட்டினார். தலைப்பு உடைவது, விரலுக்குச் சிக்காத பொத்தான், மங்கல் பல். சகலை கையால் வெயிலை மறைத்துக்கொண்டு குனிந்து, ஒவ்வொன்றுக்கும் "ஆமாண்ணா, ஆமாண்ணா" என்றார்.

"இந்தப் பல்லு முதல் நாள்லேர்ந்து மங்கலா இருக்கு. தினம் பார்க்கிறியே, உன் கண்ணுல படலையா?" என்றார் இவர்.

சகலை நிமிர்ந்தார். உண்மையாகவே குழம்பிப்போயிருந்தார்.

"நான் எங்கண்ணா பார்த்தேன்? முடிச்சுக் குடுத்த அன்னைக்குப் பார்த்ததுதான். நடுவுல கலர் மாத்தினதுகூட என்கிட்ட வேலை செய்யற பொண்ணு. அதுக்கப்புறம் எதுக்குப் பார்க்கணும்?"

இவர் லேப்டாப்பை மூடினார். சகலை படங்களை அனுப்பிவைக்கச் சொல்லிவிட்டு, என்னிடம் போய்ட்டு வரேன் என்று சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். நாங்கள் வண்டியை எடுத்தோம். பாதி வழியில் சிக்னலில் நின்றபோது என் வீட்டுக்காரர் லேசாகத் தலையைத் திருப்பினார்.

"அவன் ஒரு தடவைகூடப் பார்க்கலையாம்" என்றார்.

கேட்டேன் என்றேன். வேலை போனதைப் பற்றி வீடு வந்து சேரும்வரை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.